ஒற்றைக்கால் ஸ்டாண்டை உடனே திரும்பப் பெற்றுக்கொள்ளவும்

ஆரணி,
14.6.2001

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் பாலமுருகன் அவர்களுக்கு, தனசேகரன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உண்மை இனிமேல்தான் வருகிறது.

பெங்களூரிலிருந்து நீங்கள் அனுப்பிய கேமரா ஸ்டாண்டு கிடைத்தது. ஒரு காலோடு கிடைத்தது. மற்ற இரண்டு காலும் பஸ்ஸில் விழுந்துவிட்டதோ என்று பார்சல் ஆபீசில் சண்டை போட்டு, அவமானப்பட்டு, பிறகு உங்களுக்குப் போன் செய்தால், அதற்கு ஒரு கால்தான், எடை இருக்காது, வெளியில் படமெடுக்க அதுதான் வசதி என்கிறீர்கள். வேலூர் மாப்பிள்ளை வீட்டார் ஸ்டுடியோ படம் வேண்டாம், அருவி வரைந்த திரைக்கு முன்னால் எல்லாப் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கிறாள், வெளிச்சத்தில் எடுத்த படம் வேண்டும் என்று கேட்டதால்தானே இந்தப் பாடு? நம் பெண் ஸ்வர்ணலதாவுக்குப் பட்டுப் புடவை கட்டி, பக்கத்துத் திருமலை சமணர் குன்றுக்கு அழைத்துப் போய், ஸ்டாண்டை ஊன்றினேன். கூட்டம் கூடிவிட்டது. "இன்னா சார், மைக்கா? யாரு பேசப் போறாங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தும்விட்டார். திரும்பும் வழியில் சேத்துப்பட்டு ரோட்டு ஓரம் நிறுத்தி எடுத்தேன். ஈர மண்ணில் ஸ்டாண்டு மெல்ல இறங்கியதில் குழந்தை லதாவுக்கு ஒரு படத்திலும் தலை இல்லை.

சரி, நம் தெருவிலேயே பழகுவோம் என்று நேற்றுக் காலை கேமராவை மாட்டி ஸ்டாண்டைப் பிடித்து நின்றேன். எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் தறியில் ஏற்றப் போகும் பாவு நூலைத் தெருநீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். பாவின் ஒரு முனையைத் தாங்கிய கழி முறிந்துவிட்டது. "அண்ணே, ஜல்தியா இத்த இஸ்த்து புடிச்சிகினு நில்லுங்க, இழையெல்லாம் சிக்கிக்கும்!" என்று கயிற்றை என் ஸ்டாண்டில் கட்டிவிட்டாள். நான் பேங்கில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன்தான், ஆனால் நெசவாளி பெற்ற பிள்ளை. தொய்கிற பாவைப் பார்த்ததும் கேமரா மறந்து போய், பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்தேன். காபி கொண்டுவந்த லதா டம்ளரைப் போட்டுவிட்டுப் பாவைத் தாங்க ஓடினாள். என் விரல் கேமராவில் எதையோ அழுத்தியது. பாவு காயும்வரை வெயிலில் நட்ட கம்பமாக நின்றேன். பால்காரர் வணக்கம் வைத்தார், பதிலுக்குக் கை தூக்க முடியவில்லை.

கழுவி வந்த படங்களில் ஆடாமல் விழுந்தது அது ஒன்றுதான். பாவு இழுத்துப் பிடித்ததால் சனியன் அப்போதுதான் அசையாமல் நின்றிருக்கிறது. படத்தில் நம் பெண் நைட்டியோடு, தோளில் துண்டோடு, முழங்கை வரை கஞ்சியோடு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். இதையா சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவது? ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போய், பிள்ளை கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டது. எனக்கு அழுகையாக வருகிறது, மச்சான். வேலூருக்கு நீங்களே ஏதாவது சாக்கு சொல்லுங்கள். ஸ்டாண்டையும் வந்து எடுத்துப் போங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல கேமராவோடும் இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
தனசேகரன்

பி.கு.: ஒட்டுவதற்குள் போன் வந்தது. உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் அந்த நைட்டிப் படத்தையே காலை வேலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்! மாப்பிள்ளையின் அம்மா லதாவிடமே பேசினார். "பாவுன்னா ஓடியாற பொண்ணு, எங்களுக்குப் புடிச்சிருக்குது. படத்துல தெரியாத அந்தாண்ட முனைய யாருமா புடிச்சிகினு இருக்காங்க?" என்று கேட்டாராம். லதா, "எங்கப்பா" என்றாள். சொல்லும்போது அதே சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், நீங்களும் வாருங்கள். ஸ்டாண்டைக் கேட்காதீர்கள். அபிதகுசாம்பாளுக்கும் தருவதாக இல்லை.