முப்பது வருஷத்துக்கு என் சம்மதம்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

போன செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. நலம் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும், வரிசை மாறிவிட்டது, மன்னிக்கவும். நீங்களும் அக்காவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆனால் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், சட்டையை நேராகத்தான் போடுகிறேன். பாப்பாவை உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் வருகிற திங்கட்கிழமை சேர்க்க அப்பாவின் சம்மதம் எழுத்தில் வேண்டும், இரண்டு வரி போதும் என்றீர்கள். அந்த இரண்டு வரிக்காகத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே நாட்டின் எதிர்காலம் வந்துவிட்டது.

செய்தி வந்தபோது நான் ஒரு லிஃப்டின் தலைமேல் நின்று கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு பெண். நாடு முப்பது வருடம் கழித்து எப்படி இருக்க வேண்டும் என்று பொதுமக்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் மன்றத்துக்கு, குலுக்கலில் என் மனைவி, உங்கள் தங்கையின் பெயர் விழுந்திருக்கிறதாம். எப்போது விண்ணப்பித்தாளோ, என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருப்பாள், நான்தான் ஏதாவது மோட்டாரை யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"மேடம் இருக்காங்களா சார்?"

"இல்லங்க."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க."

"விருப்பமில்லைன்னு போட்டுக்கட்டுமா?"

"இறந்துட்டாங்க. அஞ்சு மாசம் ஆச்சு."

அந்தப் பெண் ரொம்பத் தாழ்ந்த குரலில், "அப்ப அதே வீட்டுல அடுத்த ஆள் நீங்கதான் சார், ஞாயித்துக்கிழமை வர முடியுமா?" என்றாள். சரி என்றேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஐந்து மாதமாக நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிவருகிறேன். உங்கள் தங்கை துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றார்கள், சரி. பாப்பா கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்றீர்கள், சரி. பள்ளிக்கூடமும் இங்கேயே பார்த்துவிடலாம் என்றீர்கள், அதற்கும் சரி.

ஞாயிறு காலை போனேன். பெரிய கூடம், வட்ட மேசைகள், மேசைக்கு எட்டுப் பேர், கழுத்தில் அட்டை. என் மேசையில் உங்கள் தங்கை பெயரை நீக்கியபோது அவள் நாற்காலியையும் எடுத்துப் போய்விட்டார்களாம். என் பெயரைச் சேர்த்தவர்கள் நாற்காலி சேர்க்க மறந்துவிட்டார்கள். காலியாக ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் அப்படி ஒன்று உண்டு, இன்னும் பிறக்காதவர்களுக்காக. அதில் யாரும் உட்காருவதில்லை. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்து, பிறக்கப்போகிறவன் இதை ஏற்பானா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளர் பெண் ஓடிவந்து விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "உட்கார்ந்தா அவங்களுக்காக நீங்கதான் பேசணும் சார். உங்க சம்மதம் இல்லாம இந்த மேசையில எதுவும் நிறைவேறாது" என்றாள். சரி என்றேன்.

என் இடப்பக்கம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வலப்பக்கம் பேக்கரி வைத்திருக்கும் அம்மா. மற்ற ஐந்து பேரும் இவர்கள் இருவரையும் வேடிக்கை பார்க்கவே வந்தவர்கள் போல இருந்தார்கள்.

"முப்பது வருஷத்துல பஸ்ஸெல்லாம் இலவசமா ஓடணும்" என்றார் பேக்கரி அம்மா.

"அப்ப ரொட்டியும் இலவசம்னு போடுங்க" என்றார் டிரைவர்.

"ஏண்ணே, நான் சம்பளம் வாங்கியா ரொட்டி சுடுறேன்?"

"நான் மட்டும் டீசலுக்குப் பதிலா தண்ணியா ஊத்தி ஓட்டினேன்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்றேன். இரண்டும் நிறைவேறின. வரியைப் பாதியாக்கலாம் என்றார் ஒருவர், மருத்துவமனைகளை இரட்டிப்பாக்கலாம் என்றார் இன்னொருவர், இரண்டுக்கும் சரி. நான்கு மாடிக்கு மேல் கட்டடமே கூடாது என்று ஒரு தீர்மானம். மச்சான், பன்னிரண்டு வருடமாக லிஃப்டை நம்பிப் பிழைக்கிறவன் நான். சரி என்றேன்.

"பொறக்கறதுக்கு முன்னாடியே இவ்ளோ நல்ல பிள்ளையா இருந்தா எப்படி தம்பி?" என்றார் டிரைவர். "கொஞ்சம் அடம்பிடிக்கணும்பா."

உங்கள் தங்கை வந்திருந்தால் அடம்பிடித்திருப்பாள். ஒரு திரைச்சீலை வாங்க மூன்று கடைகளை வேண்டாமென்று தள்ளியவள். குலுக்கல் சரியான ஆளைத்தான் எடுத்தது, நாட்டுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு டிரைவர் ஒன்று சொன்னார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளை வளர்க்கத் திண்டாடுகிறார்கள். பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாள் அரசாங்க விடுதியில் இருக்கட்டும், நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு, ஞாயிறு மட்டும் வீடு.

"என் பிள்ளைய நான் குடுக்கமாட்டேன்" என்றார் பேக்கரி அம்மா.

"உங்க பிள்ளைக்கு மீசையே நரைச்சிருக்குமேம்மா."

"நரைச்சாலும் குடுக்கமாட்டேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு என்று எங்கேயோ ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்தது. சரி என்றேன். பேக்கரி அம்மா அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. ஒலிபெருக்கியில் அதைப் படித்தபோது கூடமே கைதட்டியது, வாக்கெடுப்பில் நிறைவேறி வரைவிலும் ஏறிவிட்டது. கைதட்டல் அடங்கியதும்தான் எனக்கு உறைத்தது. ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் போனேன்.

"அந்த விடுதித் தீர்மானம் வேண்டாம்மா. என் சம்மதத்தை எடுத்துக்கறேன்."

"காரணம் சொல்லணும் சார்."

"பிள்ளை இல்லாத வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் பேனாவை எடுத்தாள், பிறகு கீழே வைத்தாள். "அது அனுபவம் சார். காரணம்னு எழுத முடியாது."

அவள் மேல் தப்பில்லை. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த நாட்டுப் பிள்ளைகள் முப்பது வருடம் கழித்து வாரத்தில் ஆறு நாள் அப்பா அம்மாவைப் பார்க்காமல் இருந்தால், அதற்கு உங்கள் வீட்டு மாப்பிள்ளை காரணம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நிற்க. நீங்கள் கேட்ட இரண்டு வரி: என் மகளை, அவளுடைய தாய்மாமன் வீட்டில் இருந்தபடியே அங்குள்ள பள்ளியில் சேர்த்துக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம். இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அக்காவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் முத்தங்களும், உங்கள் தங்கை சார்பில் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மச்சான், மேல இருக்கற ரெண்டு வரிய பள்ளிக்கூடத்துல குடுக்காதீங்க. எழுதி முடிச்சுட்டு திரும்பப் படிச்சுப் பார்த்தேன், ஞாயித்துக்கிழமை சொன்ன அதே சரிதான். பாப்பாவ அங்க சேர்க்க வேண்டாம். சனிக்கிழமை காலையில வந்து கூட்டிக்கிட்டுப் போறேன், அவ பைய மட்டும் கட்டி வெக்கச் சொல்லுங்க. நீங்களும் அக்காவும் கண்ணுக்குக் கண்ணா பார்த்துக்கிட்டீங்க, அத நான் மறக்கவே மாட்டேன். எப்படிச் சமாளிப்பேன்னு கேப்பீங்க. தெரியாது. எட்டுப் பிரி இரும்புக் கயித்துக்கு முனை கட்டறவன், மூணு பிரி ஜடை பின்னக் கத்துக்க மாட்டேனா. முதல் ரெண்டு வாரம் கோணலாத்தான் இருக்கும், பொறுத்துக்கச் சொல்லுங்க. காரணம் கேட்டா எங்கிட்ட இல்ல, அதான் சொன்னேனே. நீங்க கூப்பிட்டு, பதமா ரெண்டு வார்த்தை பேசினீங்கன்னா நான் சரின்னு சொல்லிடுவேன். அதனால போனை அணைச்சு வெச்சுட்டேன்.