மாப்பிள்ளைக்கு இழுத்த வயர்

"மாமா, எருமை கத்தறது மீட்டிங்ல கேக்குதுங்க" என்று மாடி ஜன்னலிலிருந்து மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் சொன்னார்.

ஆறுச்சாமி எருமையைப் பார்த்தார். அதற்குத் தண்ணீர் காட்டும் நேரம். காட்டாமலே அவிழ்த்துக்கொண்டு போய், தோப்பின் கடைசியில் போர்வெல் பக்கத்தில் கட்டிவிட்டு வந்தார். மாப்பிள்ளை இன்னும் ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இப்பச் சரிங்களா, மாப்ளை?"

"எருமை சரிங்க மாமா. இப்ப நெட்டு போயிருச்சு."

வேலந்தாவளத்தில் இருக்கும் ஆறுச்சாமியின் வீட்டுக்கு மகள் நர்மதாவும் மாப்பிள்ளையும் சித்திரை விசுவுக்கு வந்தவர்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. விசு முடிந்து ஊரே வேலைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் பெட்டி கட்டவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் சொந்த வீடு உடுமலைப்பேட்டைப் பக்கம். அங்கே போனால் என்ன என்று எந்த மாமனார் வாய்விட்டுக் கேட்பார்? கேட்காமலே பதில் வந்தது.

"எங்க ஊர்ல டவரே எடுக்காதுங்க மாமா."

மாடியில் காற்று வரும் அறை ஆறுச்சாமியுடையது. அது ஆபீஸ் ஆயிற்று. அவருடைய கட்டில் கீழே இறங்கியது. மீட்டிங் நேரத்தில் மிக்சி ஓடக்கூடாது என்பதால் அவர் மனைவி ராமாத்தாள் மறுபடி அம்மியில் அரைத்தாள். இருமல் வந்தால் ஆறுச்சாமி தோப்புக்குப் போய் இருமிவிட்டு வந்தார். கூட்டில் கோழிகள் குறைந்துகொண்டே வந்தன. மழைக்காலம் வந்து போயிற்று. மாப்பிள்ளை மட்டும் போகவில்லை.

ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஆறுச்சாமி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங் மாப்ளை, ஆபீசுக்குத் திரும்ப எப்பக் கூப்புடுவாங்க?"

"இந்தப் புராஜெக்ட் முடிஞ்சா கிளம்பீருவேனுங்க மாமா. நெட்டு ஒழுங்கா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன். விட்டு விட்டு வருது."

சொல்லிவிட்டு அவர் கோழித் தொடையை எடுத்துக்கொண்டார்.

அன்றோடு ஆறுச்சாமிக்கு வழி தெரிந்துவிட்டது. நெட்டைச் சரி செய்தால் புராஜெக்ட் முடியும். புராஜெக்ட் முடிந்தால் மாப்பிள்ளை ரயிலேறுவார்.

கேபிள்காரன் டின்டுவை வரச் சொன்னார். அவன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"நெட்டுப் பெட்டி முன்னாடி ஹால்ல இருக்குது. சார் பின்னாடி மாடியில இருக்காரு. நடுவுல உங்க பாட்டன் காலத்து மண் சுவர். அதுக்கு மேல கம்பி கட்டுன கான்கிரீட். எப்படிங்க போகும்? மெஷ் வெக்கோணும்."

"அப்படின்னா?"

"மூணு பெட்டிங்க. ஹால்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு. ஒண்ணுகிட்ட ஒண்ணு வாங்கிக் குடுத்துக்கும். வயரே வேண்டாம், காத்துலயே பேசிக்கும். குழப்பமில்லைங்க."

நடுப்பெட்டி சமையலறை அலமாரியில் ஏறியது. மறுநாளே மாப்பிள்ளை ஜன்னலுக்கு வந்துவிட்டார். டின்டு வந்து பார்த்தான். எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய ஸ்டாண்டு தடுக்கிறது என்றான். ஸ்டாண்டு காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகைக்குப் போனது. பிறகு பிரிட்ஜ் தடுக்கிறது என்றான். பிரிட்ஜ் ஹாலுக்கு வந்து நின்றது.

"அடுப்பு இருக்கட்டுங்களா, அதையும் தூக்கோணுமா?" என்று ராமாத்தாள் கேட்டாள்.

"அடுப்பு இருக்கலாமுங்க" என்றான் டின்டு, அவள் குரலைக் கவனிக்காமல்.

அதன் பிறகும் நெட் நின்று நின்றுதான் வந்தது. நடுப்பெட்டியை ஆறுச்சாமி படுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே இரும்பு பீரோ குறுக்கே நின்றது. அதைத் தூக்கி வெளியே வைத்ததில் கதவு நிலைச் சட்டம் பெயர்ந்தது. பெட்டி அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தது.

"பெட்டிக்கும் மாடிக்கும் நடுவுல ஆள் இருந்தாலும் சித்த குறையுமுங்க" என்றான் டின்டு. "ஒடம்பெல்லாம் தண்ணிதானுங்களே. தடுக்கும்."

ஆறுச்சாமி கட்டிலைத் தூக்கிக்கொண்டு டிராக்டர் நிற்கும் கொட்டகைக்குப் போனார்.

ஊருக்கு இது தெரிய அதிக நேரம் ஆகவில்லை. டீக்கடையில் பக்கத்துத் தோட்டத்து ரத்தினசாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"மாப்ளை வேலை பாக்கோணும்னு மனுசன் டிராக்டர் கொட்டாய்ல படுத்துக் கெடக்கறாரு. என்ற மாமனார் எனக்கு ஒரு பாய் விரிச்சதில்லை."

கடையில் இருந்தவர்கள் ஆறுச்சாமியை மரியாதையோடு பார்த்தார்கள். அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். நாக்கு வெந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்தால், கொட்டகை வாசலில் நர்மதா போர்வையை மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவருக்காக நீங்க இத்தனை கஷ்டப்படறீங்களேப்பா."

"அதுக்கென்ன கண்ணு" என்றார் ஆறுச்சாமி. மகள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவள் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பெற்ற மகளை வீட்டை விட்டு அனுப்ப இவ்வளவு பாடுபடுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு மாடியிலிருந்து குரல் வரும் வரைக்கும் இருந்தது.

"முன்னைக்குப் பரவாயில்லீங்க மாமா. ஆனா பாதிதான் வருது."

டின்டு மறுபடி வந்தான்.

"அது அப்படித்தானுங்க. நடுப்பெட்டி காத்துல வாங்கி, காத்துலயே மேல தள்ளுது. ரெண்டு வேலைக்கும் அதுக்கு ஒரே வாய். பாதி அங்கயே போயிரும். பெட்டிக்குப் பெட்டி வயர் இழுத்துட்டா முழுசும் வரும்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?"

"செவுத்தைத் துளைக்கோணும்னா நீங்க ஒத்துக்குவீங்களா?"

மாப்பிள்ளை வேகமாகப் படியிறங்கி வந்தார். அவர் சாப்பாட்டு நேரம் அல்லாமல் கீழே இறங்கியது அன்றுதான்.

"வயரெல்லாம் வேண்டாங்க மாமா. எனக்காக ஊட்டை உடைக்காதீங்க. நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன்."

ஆறுச்சாமிக்கு நெஞ்சு இளகியது. நல்ல மனம்தான், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று தோன்றியது. ஆனால் சமாளிப்பது என்றால் இன்னும் எத்தனை மாதம்?

"நீ இழு" என்றார் டின்டுவிடம்.

முதலில் சுவரை உடைக்காமல், வெளியே சன்ஷேடு ஓரமாக வயர் போனது. அரை நாள் ஓடியது. சாயங்காலம் பார்த்தால் மாடிப் பக்கம் வயர் துண்டாகிக் கிடந்தது.

"அணிலுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை ஜன்னலிலிருந்து.

டின்டு ஒட்டுப்போட்டான். அடுத்த நாளும் அணில் வந்தது. மொட்டைமாடியைத் தொட்டுக்கொண்டிருந்த கொய்யா மரத்தை ஆறுச்சாமி வெட்டிச் சாய்த்தார். ராமாத்தாள் வைத்து வளர்த்த மரம். காய் பிடித்திருந்தது. அவள் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். மரம் போன பிறகும் அணில் வந்தது. நாயை மொட்டைமாடியில் கட்டினார். நாய் குரைப்பது மீட்டிங்கில் கேட்டது. நாயை அவிழ்த்தார்.

கடைசியில், சுவருக்குள்ளேயே பைப் புதைத்து வயர் இழுப்பது என்று முடிவாயிற்று. டின்டு பெரிய டிரில்லோடு வந்தான். மண் சுவர் புழுதியாகக் கொட்டியது. கான்கிரீட்டில் ஏறும்போது டிரில் ஒரு கணம் கத்தி, பிறகு சத்தமில்லாமல் உள்ளே போனது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அது. ஹாலில் இருந்த பெட்டி மேல் தண்ணீர் நேராக விழுந்தது. வால்வை மூடுவதற்குள் பிரிட்ஜுக்கு அடியில் குளம் கட்டிவிட்டது.

நடையில் நின்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராமாத்தாள் பார்த்தாள்.

"காத்துல வரும்னீங்க, வயர்ல வரும்னீங்க. தண்ணியில வரும்னு சொல்லவே இல்லீங்களே."

அதற்குப் பிறகு அவள் ஆறுச்சாமியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சோறு மட்டும் கொட்டகைக்கு வந்தது.

புதுப் பெட்டி வாங்கி, குழாயை அடைத்து, சுவரைப் பூசி, ஒருவழியாக வயர் ஹாலிலிருந்து நடு அறைக்கும் அங்கிருந்து மாடிக்கும் போய்ச் சேர்ந்தது. டின்டு மாடியில் நின்று போனில் சோதித்துப் பார்த்தான். அவனுக்கே நம்ப முடியவில்லை.

"முழுசா வருதுங்க. இனி இடி விழுந்தாத்தான் நிக்கும்."

ஆறுச்சாமி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பெட்டியில் எரியும் வெள்ளை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எப்படிங்க மாப்ளை?"

"நல்லா வருதுங்க மாமா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இனி முடிச்சிருவீங்கல்ல?"

"ம்" என்றார். வேலைக் களைப்பு என்று ஆறுச்சாமி எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஜன்னலிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவும் இல்லை. இரவு பகலாக வேலை நடக்கிறது போல என்று ஆறுச்சாமிக்குச் சந்தோஷம். பெங்களூர் ரயில் கோயமுத்தூரில் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில், காலை பத்து மணிக்கு, கூரியர்க்காரர் ஒருவர் பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். வழக்கமாக அந்நேரம் ஆறுச்சாமி தோட்டத்தில் இருப்பார். அன்று பூச்சு காய்ந்ததா என்று பார்க்க வீட்டில் நின்றிருந்தார்.

"சிவப்பிரகாஷ் சார் ஊடு இதுதானுங்களே?"

"என்ற ஊடுதான். அவரு என்ற மாப்ளை. பார்சலா? குடுங்க."

"கொண்டு வரலீங்க, எடுத்துட்டுப் போக வந்தேன். சாரோட கம்பெனி லேப்டாப்பு."

ஆறுச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்ப்யூட்டரையே திருப்பிக் கேட்கிறார்கள் என்றால் புராஜெக்ட் முடிந்துவிட்டது. உள்ளே திரும்பி, பேசாத மனைவியிடம் குரல் கொடுத்தார்.

"ராமாத்தா, அந்தச் சேவலைப் புடி. மாப்ளை ஊருக்குக் கிளம்பறாரு."

அடுக்களையில் எதுவோ கீழே விழுந்தது. அவள் கதவோரம் வந்து நின்றாள். ஆறுச்சாமி கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

"உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க. எல்லாம் இந்த வயர் பண்ணுன வேலைங்க. காத்துல உட்டு உட்டுப் பாத்து ஒண்ணும் ஆகலை. வயர் இழுத்தேன், ஒரே வாரத்துல முடிச்சுப்போட்டாரு பாருங்க."

கூரியர்க்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நெட்டு வந்துருச்சுங்களா? அப்ப இன்னைக்காச்சும் வாங்கிக் குடுத்துருங்க. விசுவுக்கு முன்னாலயே அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. நானும் மாசாமாசம் வர்றேன், நெட்டு இல்லை, ஓடிபி வரலைன்னு சொல்லி இந்தக் கேட்டுலயே திருப்பி அனுப்பிடறாருங்க."