என் வகுப்பில் நானே தூங்கிய மத்தியானம்

வகுப்பில் தூங்கும் மாணவனை எழுப்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆசிரியர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவன் திடுக்கிட்டு எழுந்து வாயைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது, நாம் படித்த படிப்புக்கே ஓர் அர்த்தம் கிடைத்தது மாதிரி இருக்கும். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தச் சுகத்துக்கு எனக்குக் குறைவே இல்லை. (சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் வரும் பீரியட் என்னுடையது. பாடம் வெப்ப இயக்கவியல். வேறென்ன வேண்டும்?)

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் ஒரு புதுத் திட்டம் வந்தது. ஆசிரியரும் மாணவரும் இனிமேல் கூட்டாளிகள். ஒவ்வொரு வகுப்பும் தன் சார்பில் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும். அவரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து, பாடம் எங்கே புரிகிறது, எங்கே புரியவில்லை என்று பேசிச் சரிசெய்ய வேண்டும்.

“நல்லாப் படிக்கிற பொண்ணா ஒண்ண சேத்துக்கங்க. ரெண்டு போட்டோ எடுத்துக்கலாம்” என்றார் எங்கள் துறைத் தலைவர். “வெளியிலேர்ந்து ஒரு குழு பாக்க வருது. அது நல்லபடியா முடியட்டும், உங்க கன்ஃபர்மேஷன்ல கையெழுத்து போட்டுடறேன்.”

என் வேலை நிரந்தரமாவது அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. ஆனால் வகுப்பு தேர்ந்தெடுத்தது நல்லாப் படிக்கிற பெண்ணை அல்ல. நவீனை. பக்கத்து ஊரான நூம்பல்காரன், கடைசி பெஞ்சின் நிரந்தர உறுப்பினன். நான் அதிகமாக எழுப்பியதும் அவனைத்தான்.

முதல் சந்திப்பிலேயே அவன் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“தப்பா எட்த்துக்காதீங்க மேடம். பின்னாடி குந்தினு கீறவனுக்கு ஒண்ணுமே கேக்காது. போர்டுல பாதி வெளிச்சம் அட்ச்சி தெரியாது. நீங்க போர்டாண்ட திரும்பிப் பேசினே இருப்பீங்க. ஃபேன் மட்டும் சூப்பரா வரும். தூங்காம இன்னா பண்றது?”

“தூக்கம்கிறது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் நவீன். ஒழுக்கம் இருந்தா வராது” என்றேன். (அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எல்லாம் தெரிந்த வயது.)

“அப்போ ஒரு நாள் நீங்க பின்னாடி வந்து குந்திப் பாருங்க மேடம். உங்க நோட்ஸ வெச்சி நான் நடத்துறேன்.”

கூட்டாளி கேட்டால் மறுக்கக் கூடாது என்று திட்டத்தின் சுற்றறிக்கையில் இருந்தது. சரி என்றேன். ஒழுக்கம் என்றால் என்னவென்று அவனுக்கு உட்கார்ந்து காட்டுவதாக எனக்கு எண்ணம்.

நான் செய்த பிழை, அதற்குக் குறித்த நாளில் ஆசிரியர் அறையில் என்ன விசேஷம் என்று யோசிக்காததுதான். எங்கள் கணக்கு டீச்சருக்கு வளைகாப்பு முடிந்து, வீட்டிலிருந்து கலந்த சாதங்கள் வந்திருந்தன. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை, சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம். மாசமாக இருப்பவள் கையால் பரிமாறினால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது முறை பரிமாறியபோதும் நான் சொல்லவில்லை.

கடைசி பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்னால் நவீன் கையில் என் நோட்ஸ். நேராகக் கரும்பலகைப் பக்கம் திரும்பினான். அதனிடமே பேச ஆரம்பித்தான். என் குரல், என் இழுவை, நடுநடுவே என் “ரைட், நெக்ஸ்ட்.” வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கவனித்தேன். பலகையின் இடது பாதி ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளையாக இருந்தது. குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. தலைக்கு மேல் ஃபேன் அருமையாகச் சுற்றியது. இதையெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மீதியைப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். கடைசி பெஞ்சுக்கு என்று ஒரு தர்மம் உண்டு: தூங்குகிறவரை யாரும் எழுப்பக் கூடாது, மறைக்க வேண்டும். பக்கத்துப் பெண் தன் பையைத் தள்ளி என் தலைக்கு முட்டுக் கொடுத்தாள். முன் பெஞ்சில் இருந்த உயரமான பையன்கள் இரண்டு பேர் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து கொண்டார்கள். மாணவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாக மதித்த முதல் தருணம் அது. நான் தூக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் வர வேண்டிய குழு அன்றைக்கே வந்துவிட்டது.

துறைத் தலைவர் கதவைத் திறந்தார். பின்னால் ஒரு வயதான அம்மாள், குழுவின் தலைவி. பாடம் நடத்துவது நவீன்.

“மேடம் எங்கடா?”

“ஆராய்ச்சில கீறாங்க சார்” என்றான் நவீன்.

அவர் பார்வை ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் வந்தது. “சுமதி” என்று கூப்பிட்டார்.

நான் எழுந்து நின்றேன். வாயைத் துடைத்தேன். தெளிவான குரலில் “பிரசென்ட் சார்” என்றேன்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். என் வேலை போனது என்று தெரிந்துவிட்டது.

அந்த அம்மாள் மட்டும் அமைதியாகக் கேட்டார். “ஏம்மா தூங்கினீங்க?”

“பின்னாடி ஒண்ணும் கேக்கலை மேடம். போர்டு பாதி தெரியலை. அவர் போர்டைப் பாத்தே பேசறார். ஃபேன் மட்டும்...”

சொல்லிக்கொண்டு வரும்போதே இது யார் சொன்னது என்று புரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். நவீன் பெருந்தன்மையாகக் கூரையைப் பார்த்தான்.

திட்டம் இந்தக் கல்லூரியில் உண்மையாகவே நடக்கிறது என்று அந்த அம்மாள் எழுதிவிட்டுப் போனார். துறைத் தலைவர் அதைப் படித்தார். ஆனாலும் எனக்குப் போட வேண்டிய கையெழுத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைத்தார். “தூங்கினது தப்பில்லம்மா. குழு முன்னாடி தூங்கினீங்க பாருங்க, அதான்.” அந்த ஒரு செமஸ்டரும் நானும் நவீனும் நிஜமாகவே கூட்டாளிகளாக வேலை செய்தோம். ஜன்னலுக்குத் திரை வந்தது. நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பாடம் நடத்தப் பழகினேன். பாதியில் நிறுத்திவிடுவேன், அதுவரை நடத்தியதைக் கடைசி பெஞ்சு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நான் எங்கே சொதப்புகிறேன் என்று கண்டுபிடித்தேன். கையெழுத்து கிடைத்தது.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிவி முன்னால் நான் கண்ணசந்தால், என் கணவர் துறைத் தலைவர் குரலில் “சுமதி” என்பார். கண் திறக்கும் முன்பே என் வாய் “பிரசென்ட் சார்” என்றுவிடும். என் மகள் அதை வீடியோ எடுத்து உறவுக்காரர்கள் குழுவில் போட்டிருக்கிறாள்.

போன வருஷம் வேலப்பன்சாவடியில் நவீனுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு மேடை ஏறினோம். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் பெண்ணிடம் என்னைக் காட்டினான்.

“வாழ்க்கைல நான் ஒரே ஒரு கிளாஸ்தான் எட்த்துகீறேன். அதுலயும் தூங்கின ஒரே ஸ்டூடண்ட் இவங்கதான்.”

பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். “அவ்ளோ மோசமாவா மேடம் நடத்தினாரு?”

“இல்லம்மா” என்றேன். “அப்படியே என்னை மாதிரியே நடத்தினார்.”