வழுக்கி விழுந்தோர் விவரம்

இன்று உங்களுக்கு நான் அறிமுகம் செய்துவைக்கப்போகும் பிரகிருதியின் பெயர் திருவாளர் அனுப்பிவைப்பார். மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். தன் கையில் கடிகாரம் கட்டியிருக்கும்போதே, "அவர்கிட்ட கேளுங்க" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டுவார். பொய் சொல்ல மாட்டார். எரிந்து விழமாட்டார். லஞ்சமும் வாங்க மாட்டார் ஐயா, அதுதான் கொடுமை! வாங்குகிறவராக இருந்தால் வாங்கிக்கொண்டாவது ஒரு பதிலைச் சொல்லித் தொலைப்பாரே!

வங்கியில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்கூட இவரைப் பார்க்கலாம். ஆனால் நான் கண்டதில் முதல்தரமானவர் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். போலீஸ் சம்பந்தமான தகவல் வேண்டும் என்று யார் மனு போட்டாலும் அது கடைசியில் அவருடைய மேஜைக்குத்தான் வரும். பெயர் விருத்தாசலம். பதவி, பொதுத் தகவல் அலுவலர். அந்த மூன்று சொல்லில் கடைசிச் சொல்லை மட்டும்தான் அவர் ஒப்புக்கொள்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்கு முன்னாலேயே, ஒரு பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் செய்வதும் நானே, வந்த பதிலைப் படித்துச் சொல்வதும் நானே.

விருத்தாசலம் ஒரு மனுவைப் படிக்கும் அழகே தனி. முதலில் அதில் 'ஏன்' இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால், "தாங்கள் கோரியது வினா வடிவில் உள்ளதால் வழங்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." 'ஏன்' இல்லையா? "அத்தகைய பதிவேடு இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." இரண்டுக்கும் மசியாத மனு வந்தால்தான் மனிதருக்கு முகம் மலரும். தன்னிடம் இல்லாத தகவலை, அது இருக்கும் அலுவலகத்துக்கு ஐந்து நாளில் அனுப்பிவைக்க வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மற்ற இடங்களில் மனு முப்பது நாள் தூங்கும். இவரிடம் ஐந்தாம் நாள் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடும். எங்கே என்பது வேறு விஷயம்.

போன வருஷம் எத்தனை முறை லத்தி வீசப்பட்டது என்று, அதில் அடி வாங்கிய ஒருவர் கேட்டார். லத்தி மூங்கில் ஆயிற்றே என்று வனத்துறைக்கு அனுப்பிவைத்தார். மூங்கில் புல் வகை ஆயிற்றே என்று வனத்துறை அதைக் கால்நடைத் துறைக்கு அனுப்பியது. கால்நடைத் துறையிலிருந்து பதில் வந்தது: மாட்டுக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்களா? அடி வாங்கியவர் அந்தக் கடிதத்தை என் கடையில் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஆரோக்கியசெல்வி போய்ச் சேர்ந்தாள். அவள் கணவன் அந்தோணிசாமி கொத்தனார். ஒருநாள் எங்கள் பஸ் நிறுத்தத்தில் போலீஸ் அவருடைய வண்டியைப் பிடித்தது. "எதுக்கு சார் புடிக்கிறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் வலது கையில் மாவுக்கட்டோடு கோர்ட்டில் நிறுத்தினார்கள். போலீஸைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக வழக்கு. கை? ஸ்டேஷன் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். போலீஸ் வழக்கு ஜெயித்தால் ஜெயில். தோற்றாலும், கரணை பிடிக்கிற கை கரணை பிடிக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

செல்வி மூன்று கேள்வி சொன்னாள். நான் டைப் செய்தேன். ஒன்று, அந்த ஸ்டேஷன் குளியலறையில் மூன்று வருஷத்தில் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு, யார் யாருக்கு எந்தெந்த எலும்பு முறிந்தது? மூன்று, அதே குளியலறையில் வழுக்கி விழுந்த போலீஸ்காரர்கள் எத்தனை பேர்? மூன்றாவது கேள்வியை அடிக்கும்போது, எதிரில் ஜீப் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்!

தபாலை நம்பாமல் அவளே விழுப்புரம் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"எங்க வூட்டுக்காரரு காலையில வேலைக்குப் போசொல்ல ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்துச்சுங்க. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாருன்றாங்க. இன்னும் எத்தினி பேரு அங்க வழுக்குனாங்கன்னு தெரியணும் சார்."

"உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?" என்றார் விருத்தாசலம். அன்பான மனிதர், அதில் குறையே சொல்ல முடியாது. "பாத்ரூம்னா கட்டடம். கட்டடம்னா கட்டடப் பிரிவு. ஜல்தியா அனுப்பி வெக்கிறேன், கவலப்படாத."

"வுழுந்தது ஆளு சார். கட்டடம் இல்லீங்களே!"

"வுழுந்த எடம் கட்டடம்தானேம்மா?"

ஐந்தாம் நாள் மனு கிளம்பியது. இங்கேதான் விருத்தாசலத்தின் முப்பத்தொரு வருஷ சர்வீஸில் முதல் சறுக்கல். கட்டடப் பிரிவில் சுஷ்மா என்று செஞ்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாகப் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கேள்வி கேட்டால் பதில் எழுத வேண்டும் என்று யாரோ அந்தப் பெண்ணுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எழுதிவிட்டாள்! "மேற்படி காவல் நிலையத்தில் குளியலறை இல்லை. குளியலறை கட்டித்தரக் கோரி அந்நிலையம் அனுப்பிய பதினொரு கடிதங்களின் நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன." அதில் கடைசிக் கடிதம், அந்தோணிசாமி வழுக்கி விழுந்து ஒன்பது நாள் கழித்து எழுதியது. காவலர்கள் இன்னும் ஏரிக்கரைக்குத்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று அழாத குறையாக எழுதியிருந்தார்கள்.

"இல்லாத பாத்ரூம்ல வுழுந்தாராண்ணா!" என்று செல்வி என் கடையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். விருத்தாசலத்துக்கும் துக்கம்தான். "நான் அனுப்பின மனுவுக்குப் பதில் போட்டுட்டாங்களாமே! இனிமே எல்லாரும் பதில் கேட்டுக்கினு வருவாங்க. பேஜாரா பூடும்யா!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

திண்டிவனம் கோர்ட்டில் அந்தக் காகிதத்தைக் கொடுத்தோம். எதிர்த்தரப்பு அசருமா? அடுத்த வாய்தாவில் திருத்திய அறிக்கை வந்தது: "எதிரி அந்தோணிசாமி, குளியலறை கட்ட உத்தேசித்துள்ள இடத்தில் வழுக்கி விழுந்தார்." நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு அந்தோணிசாமியின் வக்கீலைப் பார்த்து ஒன்று கேட்டார். ஜீப்பில் ஏறும்போது இவர் கை நன்றாக இருந்ததை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா? உண்டென்றால் பதினாலாம் தேதி கூட்டிக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் இந்த அறிக்கையைத்தான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு ஆள் போதும். செல்வி பஸ் நிறுத்தத்துக்கு ஓடி வந்தாள்.

இட்லிக் கடை லட்சுமியம்மாள், "நான் அப்பத்தான் அடுப்பு பக்கம் திரும்பிக்கினு இருந்தேன். பஞ்சர் கடையில கேளு கண்ணு" என்றார். பஞ்சர் கடை முத்துசாமி டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். "டைலர் சேரன் சும்மாதான் ஒக்காந்துக்கினு இருந்தாரு. அவர கேளு." சேரன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாராம். "ஜெராக்ஸ் கடைக்காரருதாம்மா நாள் பூரா ரோட்டையே பாத்துக்கினு இருப்பாரு."

என்னிடம் வந்தாள்.

பார்த்தேன் ஐயா. பார்க்காமல் என்ன? அந்தோணிசாமி ஜீப்பில் ஏறினார், ஏறி உட்கார்ந்து, வலது கையை நன்றாக வெளியே நீட்டி ஆட்டி, "வூட்ல சொல்லிடுங்கண்ணா!" என்றார். வேறு யாரிடமும் இல்லை, என்னிடம்தான் சொன்னார். ஆனால் எனக்கும் கடை இருக்கிறது. கடைக்கு எதிரில் தினம் ஜீப் நிற்கிறது. எனக்கும் இரண்டு கை இருக்கிறது.

"ரோட்டு முனையில போலீஸே கேமரா வெச்சிருக்காங்க பாரு செல்வி, அதுல கண்டிப்பா பதிவாயிருக்கும்" என்றேன். "அதக் கேட்டு ஒரு மனு போட்டுடலாம். நானே டைப் பண்ணித் தர்றேன்."

"பதில் வர எத்தினி நாளாவும்ணா?"

"முப்பது நாள்."

"வாய்தா பதினாலாம் தேதிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது அடுத்த வியாழக்கிழமை.

விருத்தாசலத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள் அல்லவா? உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தோணிசாமியை ஜீப்பில் ஏற்றிய அன்று காலை அந்த நிறுத்தத்தில் புதுச்சேரி பஸ்ஸுக்கு நாற்பது பேர் நின்றிருந்தார்கள். எனக்காவது நடுவில் ரோடு. அவர்கள் ஜீப்பை ஒட்டியே நின்றார்கள். அதில் நீங்களும் இருந்திருக்கலாம். இருந்தீர்களானால், புண்ணியமாகப் போகும், வியாழக்கிழமை பத்து மணிக்குத் திண்டிவனம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நான் கடையைப் போட்டுவிட்டு வர முடியாது பாருங்கள்.