மூன்றுகொப்பி அண்ணையும் என் மகளின் நாடும்

யாழ்ப்பாணத்தில் பாதிப் பேருடைய குடும்ப ரகசியம் மூன்றுகொப்பி அண்ணைக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேருக்கு அதை அவரே சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்.

நகரில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். எந்தப் பத்திரத்தைக் கொடுத்தாலும் கடைசி முத்திரை வரை வாசித்த பிறகுதான் மிஷினைத் தொடுவார். ஒன்று கேட்டாலும் மூன்று எடுப்பார். "ஒண்டு அவைக்கு, ஒண்டு உனக்கு, ஒண்டு அவை துலைக்கிறதுக்கு" என்பார். வேண்டாம் என்றால், "அப்ப வேறை கடைக்குப் போ" என்பார். பக்கத்தில் வேறு கடை கிடையாது.

ஒருவர் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு வந்தார். அண்ணை வாசித்துவிட்டு, "உவ்வளவு சீனியை உடம்பிலை வைச்சுக்கொண்டு கையிலை என்ன சோடா?" என்று போத்தலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். காணி உறுதிப் பத்திரத்தோடு வந்த சகோதரர் இருவர், பல வருடப் பகையை மறந்து அந்தக் கடை வாசலிலேயே ஒன்றானார்கள். அண்ணையை ஏசுவதற்காக.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அந்தக் கடைதான் வாய்த்தது. மகளின் பிறப்புப் பத்திரத்தை நீட்டினேன். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் நாங்கள் இருந்தபோது பிறந்தவள். எங்கள் ஊரான மயிலிட்டிக்குத் திரும்பிவந்து பள்ளியில் சேர்த்த பிறகு, அந்தப் பத்திரமே போதும் என்று வருடக்கணக்காகப் பேசாமல் இருந்துவிட்டேன். பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரச் சோதனை நெருங்கியபோதுதான் அடையாள அட்டை கேட்டார்கள். அவள் இலங்கைப் பிரசை என்று எங்கும் பதியவில்லை. பதியாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் சோதனை இல்லை.

அண்ணை வாசிக்க வாசிக்க, வரிசை முழுவதும் காது கொடுத்தது.

"இந்தியாவிலை பிறந்ததெண்டால் இந்தியப் பிரசைதானே?" என்றார் பின்னால் நின்ற ஓர் அக்கா.

"பிறந்தால் மட்டும் காணாது பிள்ளை. தாய் தகப்பனிலை ஒராளெண்டாலும் அங்கத்தைய பிரசையாய் இருக்கோணும். தம்பி, நீயும் மனிசியும் எந்த நாடு?"

"இலங்கை, அண்ணை."

"சத்தமாய்ச் சொல்லு! களவே எடுத்தனி?"

"இலங்கை!"

மீன் ஏலம் கூறுகிற மாதிரிக் கத்திவிட்டேன். வரிசை சிரித்தது.

அண்ணை மிஷின் மூடியைத் தூக்கினார். "இஞ்சை பார். இந்த மிஷின் மயிலிட்டியிலை நிண்டாலும் மண்டபத்திலை நிண்டாலும், கண்ணாடியிலை வைச்சதுதான் வெளியாலை வரும். தாய் தகப்பன் மூலம், பிள்ளை கொப்பி. ஆனா கொப்பிக்குச் சீல் அடிக்கோணுமெல்லே? அடிக்காமல் விட்டது உன்ரை பிழை."

இடப்பெயர்வில் தொலைந்த என் பிறப்புப் பத்திரத்துக்குப் புதுப் பிரதி எடுக்க அவரே விண்ணப்பம் எழுதித் தந்தார். கலியாணப் பத்திரத்தையும் கொண்டுவரச் சொன்னார். எல்லாவற்றிலும் மூன்று எடுத்தார். எதிரே இருந்த கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால், பைலைக் காணவில்லை என்றார்கள். திரும்பி வந்து கடை வாசலில் நின்றேன். என் முகத்தைப் பார்த்தே கடையைப் பூட்டினார். கடையில் எடுத்துவைத்திருந்த மூன்றாவது கொப்பிக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து வீதியைக் கடந்தார்.

அவரைக் கண்டதும் இரண்டு கிளாக்கர்மார் தேத்தண்ணி குடிக்க எழும்பினார்கள்.

"இருங்கோ பிள்ளையள். முழுக்க வாசிச்சுக் காட்டுறன்."

"ஐயோ வேண்டாம் ஐயா! வைச்சிட்டுப் போங்கோ, இண்டைக்கே அனுப்புறம்!"

அனுப்பினார்கள். பிரசாவுரிமைப் பத்திரம் வந்தது. அதை வைத்து அடையாள அட்டையும் வந்தது, சோதனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது.

சோதனை தொடங்கிய காலை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட மதிலோரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு அண்ணை நின்றார். நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டிய இடம்.

"என்ன அண்ணை, இஞ்சாலை?"

"ஒரு அலுவல்."

"கடை?"

"பூட்டு."

மகள் அட்டையை நீட்டினாள். வாசலில் நின்ற ஆசிரியை அட்டையையும் அவள் முகத்தையும் பார்த்து, உள்ளே போகச் சொன்னார். அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். நான் கிட்டப் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"சரி தம்பி, வந்த அலுவல் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.