அறுபது கிலோக் குழந்தை

மனித குலத்துக்குச் சக்கரத்தைத் தந்தவர் யாரென்று தெரியாது. நெருப்பைத் தந்தவரும் விலாசம் விட்டுப் போகவில்லை. ஆனால் அறுபது கிலோ எடையுள்ள கைக்குழந்தையை உலகுக்குத் தந்தவர் யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். உணவு உலோக மதிப்பீட்டு அலுவலகத்தின் இயக்குநர்தான் அவர்.

அந்த அலுவலகத்தின் திருப்பணி, மக்கள் சாப்பாட்டோடு சாப்பாடாக எவ்வளவு ஈயமும் பாதரசமும் விழுங்குகிறார்கள் என்று மதிப்பிடுவது. உணவைக் கடையில் வாங்கி, வீட்டில் சமைப்பது போலவே சமைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து, உலோகத்தை அளக்கும் இயந்திரத்துக்கு ஊட்டுவார்கள். வருகிற எண்ணை, சாப்பிடுகிறவரின் எடையால் வகுப்பார்கள். 'வகுப்பார்கள்' என்று மரியாதைக்குச் சொல்கிறோம்; எல்லாம் செய்வது ஒரே ஓர் ஆய்வாளர் அம்மாள்தான். மூடி உடைந்த மிக்சியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே அவர் நாட்டைக் காத்துவந்தார்.

அன்று அவர் கரைத்து ஊட்டியது குழந்தைகளுக்கான சத்துமாவு. ஊரில் எல்லாக் கடையிலும் அந்த ஒரே மாவுதான். அவருடைய மகள் காலையில் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இன்னும் கேட்டிருந்தாள். இயந்திரம் காட்டிய எண்ணை அம்மாள் நம்பவில்லை. மறுபடி அரைத்தார், மறுபடி ஊட்டினார். இயந்திரம் சொன்னதையே சொன்னது. இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

"சார், சத்துமாவுல ஈயம் இருக்கு. குழந்தைங்களுக்கு வரம்பைத் தாண்டுது. இன்னிக்கே எச்சரிக்கை விடணும்."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிடிக்காத எண்களை அவர் கண்ணாடி போட்டுப் பார்ப்பதில்லை.

"ஈயம்னா கன உலோகமாச்சே. மாவு லேசாத்தானேம்மா இருக்கு?"

"சார்!"

"சரி சரி. எதால வகுத்தீங்க?"

"குழந்தையோட எடையால. பதினோரு கிலோ."

"அங்கதான் தப்பு! நாம மதிப்பிடறது மக்களை. மக்கள்னா சராசரி. சராசரி ஆள் எத்தனை கிலோ?"

"அறுபது."

"குழந்தைங்க மக்கள்ல சேர்த்தியா, இல்லியா?"

"சேர்த்திதான்..."

"அப்புறம் என்ன பாரபட்சம்? அறுபதால வகுங்க!"

வகுத்தார். ஈயம் வரம்புக்குள் வந்து அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதெல்லாம் பழைய தொழில்நுட்பம் என்று அம்மாளுக்குப் புரிந்தது.

"சார், என் பொண்ணே பதினோரு கிலோதான்."

"நல்லா சாப்பிடக் கொடுங்கம்மா. எடை கூடினா ஈயம் தானா குறைஞ்சிடும்."

"எதைக் கொடுக்கறது?"

"ஏன், சத்துமாவு இருக்கே!"

அறிக்கை தயாரானது. பத்திரிகைக்காரர்கள் கூடத்தில் காத்திருந்தார்கள். இயக்குநர் அங்கே போகும் வழியில் அம்மாளின் மேஜையருகே நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, என் பொண்ணு பேரனைக் கூட்டிட்டு வந்திருக்கா. அவனுக்கு அந்த மாவு..."

"தாராளமா கொடுங்க சார். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"விளையாடாதீங்கம்மா! அவன் குழந்தைம்மா! ஒன்பது கிலோகூட இல்ல!"

அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொண்ணு மட்டும் என்ன மூட்டையா சார்? கொடுக்கக் கூடாதுன்னா அதை அறிக்கையில எழுதுங்க. காதுக்குள்ள கேட்டுட்டுப் போகாதீங்க."

இயக்குநர் யோசித்தார். எழுதினால் மேலிடம் கோபிக்கும்; எழுதாவிட்டால் மகள் கோபிப்பாள். இரண்டுக்கும் சராசரி எடுத்தார். பேனாவைத் திறந்து மூன்றே சொல் சேர்த்தார். பிறகு கூடத்துக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணீரென்று வாசித்தார்:

"இச்சத்துமாவு குழந்தைகள் அனைவருக்கும் 'முற்றிலும் பாதுகாப்பானது' என இவ்வலுவலகம் உறுதியளிக்கிறது, என் பேரன் நீங்கலாக."

அன்று மாலைக்குள் ஊரில் ஒரு தாயும் அந்த மாவைத் தொடவில்லை. எச்சரிக்கையே விடாத அலுவலகம் எதுவும் இத்தனை தெளிவாக எச்சரித்ததாகச் சரித்திரம் இல்லை. இயக்குநரைப் பாராட்டத்தான் வேண்டும். ஊர்க் குழந்தைகளை எல்லாம் ஒரே எடையாகப் பார்த்த அந்தச் சமத்துவவாதி, ஒரே ஒரு குழந்தையை மட்டும் சரியாக எடைபோட்டு வைத்திருந்தார்.