மாப்பிள்ளையின் கிட்டாருக்கு நான் செப்புத் தாள் ஒட்டியது

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, தங்கள் மருமகள், தங்கள் குமாரர் நால்வரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் மதியத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "சொல்லுங்க சம்பந்தி" என்று தங்கள் கணீர்க் குரல் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். அந்தச் சும்மா எதுவும் சும்மா இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். எதிர்வீட்டு வேன்காரர் நாளை தங்கள் பக்கம் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் குமாரரும் என் மகளும் அவர்கள் வீட்டுக் குழாய் வேலை முடியும்வரை எங்கள் மாடி அறையில் இருப்பது தாங்கள் அறிந்ததே. மாப்பிள்ளை தங்கமானவர். தங்கத்தைப் போலவே பேசவும் மாட்டார். "சாப்டீங்களா மாப்ள?" "சாப்டேன் மாமா." "வெளிய மழையா?" "ஆமா மாமா." இதற்கு மேல் எங்கள் உரையாடல் போனதே இல்லை. மகளைக் கொடுத்த வீட்டில் மரியாதை வேண்டும் என்று எல்லா மாமனாரும் ஆசைப்படுவார்கள். எனக்கு மூன்றாவது வாக்கியம் ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது.

இப்படியிருக்கையில் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அவராகவே வாயைத் திறந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அலுவலக ஆண்டு விழாவில் கூட வேலை செய்பவர்களோடு மேடையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கப் போகிறாராம், முதல் மேடையாம், ஆனால் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் பெட்டியைப் போட்டதுமே, வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலும், 'ங்ஙொய்ய்' என்று ஓயாமல் இரைகிறதாம், கம்பியில் கை வைத்தால் கொஞ்சம் அடங்கி, கையை எடுத்தால் மறுபடி ஆரம்பித்துவிடுகிறதாம். "உள்ள ஷீல்டிங் பண்ணி எர்த்த சரி பண்ணணும் மாமா. கடையில குடுத்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அடடா" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். "விடுங்க மாப்ள, அது நம்ம டிபார்ட்மெண்ட்" என்றேன்.

நான் மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் கம்பத்தில் ஏறியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் இறங்கி வந்து லீவு கேட்டால் "மெடிக்கல் சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டவன் நான். இது தங்களுக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் அவ்வப்போது மறந்துபோகும். என் மனைவி பாத்திரத்தை நகர்த்தியபடியே, "இப்படித்தான் இஸ்திரிப் பெட்டியையும் விடுங்கன்னாரு. அது இப்ப கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்குது" என்றாள்.

கம்ப்யூட்டரில் தேடிப் படித்ததில் விஷயம் எளிதாகத்தான் தெரிந்தது. வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி, சார்ஜர் எல்லாம் காற்றில் ஒரு இரைச்சலைப் பரப்பிக்கொண்டே இருக்குமாம். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் ஒயர்கள் அதை வாங்கி ஆம்புக்கு அனுப்பிவிடுமாம். வயிற்றுக்குள் சுற்றிவரச் செப்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்துவிட்டால் இரைச்சல் தாளோடு நின்றுவிடும். கடைக்குப் போய் ஒட்டும் செப்புத் தாள் கேட்டேன். கடைக்காரர், "தோட்டத்துல நத்தை தொல்லையா சார்?" என்றார். செப்பைக் கண்டால் நத்தை ஏறாதாம். "நத்தைக்கு இல்லீங்க, மாப்பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "எதுக்கும் கொஞ்சம் அதிகமாவே வாங்கிக்குங்க" என்றார்.

இன்று காலை மாப்பிள்ளையும் மகளும் வேலைக்குக் கிளம்பியதும் கிட்டாரைச் சாப்பாட்டு மேஜையில் படுக்கவைத்துக் கம்பிகளைத் தளர்த்தினேன், முன்மூடியைக் கழற்றினேன், உள்ளே ஒயர்கள் இருந்த அழகைப் பார்த்து, இதை அப்படியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டச் சுலபமாயிருக்கும் என்று புத்திசாலித்தனமாக ஒரு படமும் எடுத்துக்கொண்டேன், அதில் என் கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருப்பதைப் பிறகுதான் பார்த்தேன், அதற்குள் எல்லா ஒயரையும் பிரித்தாகிவிட்டது, பின்மூடியைத் திறந்ததில் ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போய் பிரிட்ஜுக்கு அடியில் புகுந்துகொண்டது, அதை எடுக்கத் துடைப்பத்தோடு நான் தரையில் படுத்திருந்தபோது என் மனைவி வந்து, "கிட்டார் மேஜை மேல, நீங்க தரையில. யாருக்குங்க ஆபரேஷன்?" என்றாள். செப்புத் தாளின் ஓரம் பிளேடு மாதிரி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, விரலுக்கு ஒரு கட்டு விழுந்தது, ஒயர் பற்றவைக்கும் சூடான சால்டர் கம்பியை ஓரமாக வைக்கப்போய் மேஜைவிரிப்பில் ஒரு ஓட்டை விழுந்தது, அதன் மேல் பூ ஜாடியை வைத்து மூடியிருக்கிறேன், தாங்கள் வரும்போது தயவுசெய்து ஜாடியை நகர்த்த வேண்டாம்.

எப்படியோ ஒட்டி, பற்றவைத்து, மூடி, கம்பியை முறுக்கி, ஆம்பைப் போட்டேன் பாருங்கள், சம்பந்தி! இரைச்சல் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, "ஏதாவது கேக்குதா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்! அதேதான்!"

"சரி, வாசிச்சுப் பாருங்க."

கம்பியைத் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆம்பின் குமிழைக் கடைசிவரை திருகினேன். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் தனியாகப் போகவில்லை, பாட்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போயிருந்தது.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன். மறுபடி திறந்து, ஆம்ப் ஒயரைச் செருகும் துளைக்குப் பின்னால் இருந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். குமிழைக் குறைக்க மறந்துவிட்டேன். ஆம்பைப் போட்டதும் எழுந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. அலமாரியில் தட்டுகள் ஆடின. கம்பியைத் தொட்டால் அடங்குமே என்று தொட்டேன், தொட்டதும் கூடியது. பக்கத்து வீட்டு நர்சம்மா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர், கலைந்த தலையோடு வந்து, "என்ன சார், வீட்டுக்குள்ள பிளேன் இறங்குதா?" என்றார். என் மனைவி அமைதியாக, "இல்லம்மா, இவரு சத்தத்தக் குறைச்சிட்டிருக்காரு" என்றாள்.

இப்போது ஒயர்களைப் பழையபடியே மாற்றிவிட்டேன். கிட்டார் பழையபடியே ஊமையாக மாடியில் சாய்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நாளை மறுநாள் மேடை. மகளிடம் சொன்னால் அவரிடம் சொல்லிவிடுவாள். அவரிடம் நான் சொன்னால் "பரவால்ல மாமா" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. திட்டினாலாவது நாலு வார்த்தை பேசினதாகும். ஆகவே தங்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள்: கடிதம் கண்டதும் தங்களுக்கு லேசாகக் காய்ச்சல் வர வேண்டும். மகனைப் போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புறப்பட்டு வரச் சொல்ல வேண்டும். விழாவுக்கு அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம். அதற்குள் நான் கிட்டாரை எப்படியாவது பேசவைத்துவிடுவேன். காய்ச்சல் பிடிக்காவிட்டால் இடுப்புவலியும் ஏற்புடையதே. மெடிக்கல் சர்டிபிகேட் கேட்க மாட்டேன்.

தங்கள் இல்லத்தில் எல்லா விளக்கும் ஒளி குன்றாமல் எரியவும், எதையும் நான் வந்து பழுதுபார்க்க நேராதிருக்கவும் வாழ்த்தி, சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் என் மனைவியின் அனுதாபத்தையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இன்னும் நம்பியிருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: காய்ச்சல் வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை ஒத்திகைக்காகச் சீக்கிரமே வந்துவிட்டார். மாடியில் சத்தமே இல்லை. ஏறிப் போய்ப் பார்த்தால் கிட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "மாமா, நீங்களா ஒட்டினீங்க? மூலை முடுக்கெல்லாம் இவ்வளவு நேர்த்தியா ஒட்டியிருக்கீங்களே!" என்றார். செப்புத் தாளின் ஒரு சின்ன ஓரம், ஒயர் செருகும் இடத்தில் தொடக்கூடாததைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். ஒரு துண்டு டேப்பை நடுவில் வைத்தார், அவ்வளவுதான். கிட்டார் பேசிவிட்டது. இரைச்சல் துளியும் இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முழுக்க வாசித்துக் காட்டினார். அதற்குள் மகளும் வேலையிலிருந்து வந்துவிட்டாள். நாங்கள் மூவரும் கேட்டோம். இத்தனை நாள் அந்த இரைச்சல் எவ்வளவு பெரிய உதவி செய்துகொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. மகள் ஜன்னலைச் சாத்தினாள். என் மனைவி காபி போடப் போய்விட்டாள். மாப்பிள்ளை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, சாத்திய ஜன்னலைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் கண்ணைத் துடைத்தபடி, "மாமா, ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பழைய இரைச்சல கொஞ்சமாவது திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்றார்.

தங்கள் குமாரர் என்னிடம் வாய்விட்டு ஒரு உதவி கேட்டிருக்கிறார், சம்பந்தி. நாளைக் காலை தாளை உரிக்கத் தொடங்குகிறேன்.